மக்கள் முன்மொழியும் வாக்கெடுப்புகள்: மாசசூசெட்ஸ் நடைமுறை குறித்து விளக்கம் தேவை

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்க மாநிலங்களில் பொதுமக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டங்களை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் முறை பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். 1898இல் தெற்கு டகோட்டாவில் தொடங்கிய இம்முறை மாநிலத்துக்கு மாநிலம் இவ்வளவு மாறுபடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கலிபோர்னியாவில் ஒரு சட்டத்தை முன்மொழிய, முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காட்டுக்கு இணையான கையெழுத்துகள் வேண்டும். புளோரிடாவிலோ அரசியலமைப்புத் திருத்தத்தை மட்டுமே மக்கள் முன்மொழியலாம், அதுவும் 60 விழுக்காடு ஆதரவு பெற்றால்தான் நிறைவேறும். என்னைத் திணறடிப்பது மாசசூசெட்ஸ்தான். அங்கு மக்கள் முன்மொழியும் சட்டம் முதலில் சட்டமன்றத்துக்குச் செல்கிறது. மன்றம் ஏற்காவிட்டால், மேலும் கையெழுத்துத் திரட்டிய பின்னரே வாக்குச்சீட்டில் இடம்பெறுகிறது. இந்த இடைக்கட்டத்தில் முன்மொழிந்தோருக்கும் சட்டமன்றத்துக்கும் இடையே சமரசம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை, 2018இல் குறைந்தபட்ச ஊதியம் தொடர்பாக ஏற்பட்ட உடன்பாட்டை முன்வைத்து, அங்கு வசிக்கும் உறுப்பினர்கள் எவரேனும் விளக்க இயலுமா?