சிரியாவின் 1,300 டன் இரசாயன ஆயுதத்தை வெளியேற்றியது மிரட்டலா, ஒப்பந்தமா?

கல்வெட்டு:
இரசாயன ஆயுதத்தைக் கையில் எடுத்தவன் மீது குண்டு வீசுவது நியாயமா என்று கேட்பதே கோழைத்தனம் என வடந்தை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2013 ஆகஸ்ட் 21 அன்று சிரியத் தலைநகர் டமாஸ்கஸை ஒட்டிய கூட்டாவில் சரின் என்ற நரம்பு நச்சு வீசப்பட்டது. அதன்பின் சிரியா அறிவித்த ஏறத்தாழ 1,300 டன் கையிருப்பு, ஒரு ஏவுகணைகூடப் பாயாமல், அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 2014 ஜூனுக்குள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது.

வடந்தை:
அது தானாக வெளியேறவில்லை. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் மத்தியதரைக் கடலில் காத்து நின்றதால்தான் வெளியேறியது. சரின் ஆவி காற்றைவிடக் கனமானது. பீரங்கிக்கு அஞ்சிப் பிள்ளைகளோடு நிலவறைக்குள் இறங்கியவர்களை அது படியிறங்கிச் சென்று கொன்றது. அவர்களிடம் போய் உங்கள் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டுங்கள்.

கல்வெட்டு:
அந்த நிலவறைகளை நானும் மறக்கவில்லை. ஆனால் மிரட்டல் வேறு, தாக்குதல் வேறு. 2017 ஏப்ரல் 4 அன்று சிரியாவின் கான் ஷேக்கூன் நகரில் சரின் வீசப்பட்டது. மூன்றே நாளில் சிரியாவின் ஷாய்ரத் விமானத் தளத்தின் மீது அமெரிக்காவின் 59 டோமாஹாக் ஏவுகணைகள் பாய்ந்தன. ஓராண்டு கழித்து டமாஸ்கஸை அடுத்த டூமாவில் மீண்டும் நச்சுவாயு. 59 ஏவுகணைகள் எதைத் தடுத்தன? 1,300 டன்னை ஒப்பந்தம்தான் அகற்றியது.

வடந்தை:
எல்லாவற்றையும் அகற்றியாகிவிட்டது என்றால் கான் ஷேக்கூனுக்குச் சரின் எங்கிருந்து வந்தது? "அறிவித்த" கையிருப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அறிவிக்காததை யார் எடை போட்டார்கள்?

ஊடுபாவு:
ஆதாரத்தை யார் தீர்மானிப்பது என்பதை இருவருமே பேசவில்லை. 2003-இல் இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லித்தான் படையெடுத்தார்கள். சொன்ன கையிருப்பு கிடைக்கவே இல்லை.

வடந்தை:
இராக்கைப் பற்றிப் பேசுகிறவர் 1988-இல் ஹலப்ஜா நகரில் சதாம் உசேன் அரசு வீசிய நச்சுவாயுவுக்கு இரையான ஆயிரக்கணக்கான குர்து மக்களையும் சேர்த்துப் பேச வேண்டும். அன்று உலகம் வாய்மூடி இருந்ததன் விலை அது.

ஊடுபாவு:
ஹலப்ஜாவுக்காக 15 ஆண்டுகள் கழித்துப் படையெடுத்தார்கள் என்கிறீர்களா?

கல்வெட்டு:
லிபியாவைப் பற்றிய விவாதத்திலும் வடந்தை இப்படித்தான், விடை சொல்ல முடியாதபோதெல்லாம் வேறொரு நாட்டுக்குத் தாவினார். ஐ.நா. சாசனத்தின்படி தற்காப்புக்கோ பாதுகாப்பு அவையின் ஒப்புதலோடோ மட்டுமே படைபலத்தைப் பயன்படுத்தலாம். 2017-இலும், டூமாவுக்குப் பின் 2018-இலும் நடந்த ஏவுகணைத் தாக்குதல்களுக்கு இரண்டுமே இல்லை. 1,300 டன் கணக்குக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கள்.

வடந்தை:
ரஷ்யாவின் வீட்டோ இருக்கும் அவையில் ஒப்புதல் கேட்கச் சொல்கிறீர்கள். மறுமொழியை முன்பே சொல்லிவிட்டேன்: கப்பல்கள் நின்றன, டன்கள் நகர்ந்தன.

கல்வெட்டு:
கப்பல்கள் நின்றன, சுடவில்லை. நான் முதலிலிருந்து சொல்வதும் அதுவே.