கழிச்சும் கழியாத எதிரொலி: இருவழி ரிலே அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு இருவழி ரிலேயை எடுத்தோம். ரெண்டு ரேடியோ முனை, நடுவுல வாங்கினதைத் திருப்பி அனுப்புற ஒரு ரிலே. ஆளுக்கொரு பாக்கெட் (ஒரு கட்டுத் தகவல்) மாத்திக்க வழக்கமா நாலு தடவை அனுப்பணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அனுப்பி, கலந்ததை ரிலே அப்படியே பெருக்கித் திருப்பி விட்டா ரெண்டு தடவையில முடிஞ்சிரும். 2006, 2007 வாக்குல வந்த கட்டுரைகள்ல இருக்கிற விஷயம்தான். வர்ற கலவையில என் சிக்னல் எனக்குத் தெரியும், அதைக் கழிச்சா மிச்சம் எதிராளியோடது. கட்டுரையில அது ஒரு வரி. எங்களுக்கு ரெண்டு மாசம்.

ஒரு முனை ரிலேக்குப் பக்கத்து மேஜையில, இன்னொண்ணு வராண்டாக் கடைசியில. வராண்டா முனை ஜோரா வாசிக்குது. மேஜை முனையில பாதிக்குப் பாதி பிட் தப்பு. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு சரியா வரும். ஆண்டெனா, கேபிள் எல்லாம் மாத்தியாச்சு. லேப் அண்ணாச்சி டீ குடிச்சிக்கிட்டே, "ஏல, தூரத்துல இருக்கவனுக்குக் கேக்கு, கிட்ட இருக்கவனுக்கு ஏம்ல கேக்கல?"ன்னார். சும்மா கேட்டதுதான். ஆனா கோளாறு அங்கதான் இருந்துச்சு.

மேஜை முனை சிக்னல் ரிலேக்கு வராண்டா முனையோடதை விடப் பத்து மடங்கு வீச்சோட போகுது. மேஜை முனைக்குத் திரும்பி வரும்போதும் தன் சிக்னலோட எதிரொலி எதிராளியை விடப் பத்து மடங்கு. சேனலை, அதாவது சிக்னல் வழியில எப்படி மாறுதுங்கிறதை, மதிப்பிட்டதுல பத்துல ஒரு பங்கு பிசகினாப் போதும், கழிச்ச பிறகு நிக்கிற குப்பையே எதிராளி உயரத்துக்கு இருக்கும். மேஜை முனையோட பவரைக் குறைச்சோம், பைலட்டை, அதாவது சேனலை மதிப்பிட அனுப்புற முன்னமே தெரிஞ்ச குறிகளை, நீட்டினோம். எதிராளி சிக்னல் தெரிய ஆரம்பிச்சுது.

அப்பவும் திரையில, பிட் 0-க்கு ஒண்ணு 1-க்கு ஒண்ணுன்னு தெரிய வேண்டிய ரெண்டு புள்ளிக்குப் பதிலா ஒரு வளையல். ரேடியோக்களோட கடிகாரம் ஒண்ணுக்கொண்ணு பிசகுறதால புள்ளி சுத்துது. நாங்க இருந்த 865 மெகாஹெர்ட்ஸ்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு விலகினாலே 865 ஹெர்ட்ஸ். வேடிக்கை என்னன்னா, என் எதிரொலி போன கடிகாரத்துலயே திரும்பி வர்றதால அது சுத்தாது, எதிராளிதான் சுத்துவார். அதைத் தனியா நிறுத்தணும்.

டவுனிலிருந்து:

நான் ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரன். ஆனித் தேரோட்டத்தப்போ ரிப்பீட்டர் (குரலை வாங்கித் திருப்பி விடுற நிலையம்) வழியாப் பேசிட்டிருந்தோம். தேர் ரத வீதித் திருப்பத்துல நிக்குது, ரெண்டு பேர் ஒண்ணாப் பட்டனை அமுக்கிட்டாங்க. ஒருத்தர் குரல் தெளிவா வந்துச்சு, மத்தவர் பேசின சுவடே இல்ல. எஃப்எம் அப்படித்தான், பலமானது மத்ததை முழுங்கிரும். ரெண்டும் சம பலமா இருந்தா ஒரே கீச்சு. அதுல எதைக் கழிக்க?

கடையத்திலிருந்து:

நாங்க கலவையை அப்படியே பெருக்கி விடாம, ரிலேயையே முடிவெடுக்க விட்டோம். ஒவ்வொருத்தரும் தன் பிட்டை +1 இல்லாட்டி -1-ஆ அனுப்புவாங்க. சேந்து வந்தா +2, 0, -2. வெளித் தேர்வாளர் பூஜ்யத்துல வந்து பிடிச்சார்: "யார் கூட்டல், யார் கழித்தல்னு ரிலேக்கு எப்படித் தெரியும்?" தெரியாது சார், தெரியவும் வேண்டாம், ஒண்ணா, வேறயான்னு மட்டும் சொன்னாப் போதும், தன் பிட் தெரிஞ்சவன் மத்ததைக் கண்டுபிடிச்சிருவான்னோம். பேனாவை மூடி வச்சிட்டு, கரும்பலகையில ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி, பைலட்டை எத்தனை ஆக்குனீங்க?

பாளையங்கோட்டையிலிருந்து:

16-லிருந்து 128. மதிப்பீட்டுப் பிசகு கிட்டத்தட்ட மூணுல ஒண்ணாக் குறைஞ்சுது. அதுக்கு மேல நீட்டினா பாக்கெட்ல தகவலுக்கே இடம் இல்ல.