தெருமுனைக்குக் கேமராவாம், விளக்கு எங்கே?

செல்லூர்க்காரன்: அடுத்த மதுரை மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்கப்போகிறேன் என்று ஒருவர் இப்போதே வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கிறார். ‘மக்கள் பாதுகாப்பே முதல் பணி’யாம். தெருமுனைக்கு ஒரு கேமரா, புறக்காவல் நிலையம், தெருநாய் இல்லாத வார்டு. தெருவிளக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டில் கேமரா எதைப் பிடிக்கும்?

மாசிவீதி_மகன்: இருட்டிலும் பிடிக்கிற கேமரா வந்து எவ்வளவோ காலமாச்சு அண்ணே. சங்கிலி பறிப்பு என்றால் போலீஸ் முதலில் தேடுவதே கேமரா பதிவைத்தான்.

செல்லூர்க்காரன்: அந்தப் பதிவில் வெள்ளையாக ஓர் உருவம் ஓடும், சட்டை நிறம்கூடத் தெரியாது. சங்கிலி போன பிறகு படம் பார்ப்பதா பாதுகாப்பு? எங்கள் சந்தில் கம்பத்துப் பெட்டி திறந்து கிடக்கிறது, ஒயரைப் பாலித்தீன் பையால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் மூடி இல்லாத சாக்கடைக் குழி, அடையாளத்துக்கு வேப்பங்கொப்பு. ராத்திரியில் அந்தக் கொப்பு எவன் கண்ணுக்குத் தெரியும்? விளக்கு வேண்டும்.

வில்லாபுரம்_அக்கா: காவல்துறை மாநில அரசின் கையில். கவுன்சிலர் மனு கொடுக்கலாம், தீர்மானம் போடச் சொல்லலாம், அவ்வளவுதான். நாய் விஷயமும் அப்படியே. விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு 2023 விதிப்படி கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறி பிடித்தது, ஆளைப் பாய்ந்து கடிக்கிறது தவிர மற்றதை விடச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நாயே இல்லாத வார்டு எங்கிருந்து வரும்?

மாசிவீதி_மகன்: அக்காவுக்கு நாய் என்றால் உயிர். போன தடவை நாய்க்கடி பற்றி நான் எழுதியபோதும் என் மேல்தான் பாய்ந்தீர்கள், மறக்கவில்லை.

வில்லாபுரம்_அக்கா: சட்டத்தைச் சொன்னேன் தம்பி. பிடிக்காவிட்டால் நீதிமன்றத்தில் போய்ச் சொல்லுங்கள்.

செல்லூர்க்காரன்: நாயை விடுங்கள். விளக்குக்குப் பதில் வரவில்லை.

மாசிவீதி_மகன்: நோட்டீஸின் பின்பக்கம் ‘அடிப்படை வசதிகள் மேம்படுத்தப்படும்’ என்று இருக்கிறதே. விளக்கு அதில் அடங்காதா?

செல்லூர்க்காரன்: அடங்காது. நோட்டீஸில் கேமராவைத் தனியாக எழுதத் தெரிந்தவருக்கு விளக்கு என்று ஒரு வார்த்தை எழுத முடியவில்லையா? மாநகராட்சி நேரடியாகச் செய்யக்கூடிய வேலையே அதுதான். கேமரா வைத்தால் அந்தப் பதிவுப் பெட்டி யார் வீட்டில் இருக்கும், மரக்கிளை மறைத்தால் யார் வெட்டுவது, அதையாவது எழுதினாரா?

ஆனையூர்_ராசா: நகருக்குள் இருந்துகொண்டு நீங்கள் விளக்குக்கு அழுகிறீர்கள். 2011ல் எங்களையும் சேர்த்துத்தான் 72 வார்டை 100 ஆக்கினார்கள். வரி மட்டும் மாநகர வரி. எங்கள் பக்கம் விளக்கும் இல்லை, கேமராவும் இல்லை. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம்.

செல்லூர்க்காரன்: நகருக்குள் இருந்து என்ன சுகத்தைக் கண்டோம்? 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி கால்வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது கட்டிலில் ஏறி நின்றவர்கள் நாங்கள். அந்தக் கால்வாய் பற்றியும் நோட்டீஸில் பேச்சில்லை. அதுவும் பாதுகாப்புதானே?

ஆனையூர்_ராசா: எதை எடுத்தாலும் செல்லூர்தானா? எங்கள் கண்மாய் நிரம்பினால் நாங்களும்தான் தண்ணீரில் நிற்கிறோம்.

மாசிவீதி_மகன்: விளக்கில் ஆரம்பித்து வெள்ளத்துக்குப் போய்விட்டார். வார்டு மக்கள் குறை சொல்லும் ஏரியா சபைக் கூட்டத்துக்கு வந்து பேசியிருக்கலாமே அண்ணே?

செல்லூர்க்காரன்: வந்தேன், மனுவும் கொடுத்தேன். உங்களைத்தான் அங்கே காணவில்லை. நோட்டீஸ் கொடுத்தவருக்கு நீங்கள் என்ன சொந்தமோ தெரியாது. விளக்கு என்ற சொல் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

மாசிவீதி_மகன்: பின்பக்கம், அடிப்படை வசதிகள். சொல்லிவிட்டேன்.

செல்லூர்க்காரன்: அதில் விளக்கு இல்லை.