கியூ முடிந்ததற்காக ரணிலுக்கு வோட்டுப் போடலாமா?

கொக்குவில் ஓட்டோ | 2024 செப்டெம்பர் 7

எல்லோருக்கும் வணக்கம். 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். எங்கள் வீட்டில் நான்கு வோட்டு இருக்கிறது, நான்கும் நான்கு பக்கம் இழுக்கிறது. சண்டை பிடிக்காமல் பதில் சொல்லக்கூடிய ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். இப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவுக்கு இன்னொரு ஐந்து வருடம் கொடுக்கலாமா?

நான் பதினாறு வருடமாக ஓட்டோ ஓடுகிறேன். ஒரு நாளைக்கு இருபது பேராவது பின்னால் ஏறி இறங்குவார்கள், இந்த மாதம் அத்தனை பேரும் தேர்தல்தான் கதைக்கிறார்கள். அதிகமாகக் கேட்கிற வசனம், "கியூ இல்லைத்தானே தம்பி, அது போதாதா?" எனக்கு அந்த இடத்தில் வாய் அடைத்துப்போகிறது. ஏனென்றால் கியூ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பெற்றோல் செட்டிலிருந்து ரெயில் கடவை வரை வாகனம் நிற்கும். மூன்று இரவு நான் ஓட்டோவின் பின் சீட்டில் கால் வெளியே நீட்டிக்கொண்டு படுத்தேன். நுளம்புத்திரி கொளுத்தி ஹாண்டிலில் கொழுவி வைத்திருப்பேன், முன்னுக்கு ஒரு ஓட்டோ நகர்ந்தால் பின்னால் உள்ளவர் தட்டி எழுப்புவார், இறங்கிக் கையால் தள்ளுவோம். ஸ்டார்ட் செய்தால் இருக்கிற துளியும் போய்விடும் என்ற பயம்.

வீட்டில் முக்கால் லீற்றர் போத்தல் ஒன்றில் பெற்றோல் ஒளித்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு ஏதும் அவசரம் என்றால் பெரியாஸ்பத்திரிக்குப் போக. ஒருநாள் விடியப்புறம் இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிரசவ வலி. அம்மாதான் போத்தலை எடுத்து வந்து தந்தா. "இதை ஊத்து, எனக்கு ஒன்றும் வராது" என்றா. அந்தப் பிள்ளைக்குப் பிறந்த பெடியனுக்கு இப்போது இரண்டு வயது, என் ஓட்டோவைக் கண்டால் ஓடிவந்து ஏறி இருப்பான்.

அதற்குப் பிறகு கியூஆர் அட்டை வந்தது. ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். குறைவுதான், ஆனால் ஐந்து லீற்றர் நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்தால் ஒரு மனுசன் நித்திரை கொள்ளலாம். இன்றைக்கு 332 ரூபாய்க்கு எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். இதையெல்லாம் நான் மறந்துவிட்டுப் பேசினால் பாவம்.

ஆனால் அம்மா ஒரே பிடி. "1981இலை யாழ்ப்பாண நூலகம் எரியேக்கை இந்த மனுசன் எங்கை இருந்தவர்?" அவர் அப்போது அமைச்சரவையில் இருந்தவர். அம்மா அந்த இரவு நாச்சிமார் கோயிலடியில் இருந்து வானம் சிவந்து கிடந்ததைப் பார்த்தவ, அடுத்த நாள் முற்றத்தில் கருகின தாள் வந்து விழுந்ததாம். மகள், கெம்பஸில் இரண்டாம் வருடம், "2016இல் பிரதமராக இருக்கும்போது பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்தானே அப்பம்மா" என்கிறாள். ஆனால் மகளுடைய வோட்டும் அவருக்கில்லை, அநுர குமாரவின் திசைகாட்டிச் சின்னத்துக்கு. மனைவி தைப்பவள், கரண்ட் பில்லை வைத்துத்தான் அரசியல் பேசுவாள். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏற்றினதைச் சொல்லிச் சொல்லி, தமிழரசுக் கட்சி 1ஆம் திகதி சஜித்துக்கு என்று சொன்ன பிறகு அவருடைய டெலிபோன் சின்னத்தின் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

நான் 2002ஐயும் மறக்கவில்லை. அவர் பிரதமராக இருந்த நேரம்தான் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது, ஏ-9 பாதை திறந்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது, முதல்முறை பஸ்ஸில் கொழும்பைப் பார்த்தேன்.

ஒரு நெருக்கடியை நிறுத்தியவருக்கு வோட்டுக் கடன் இருக்கிறதா, இல்லையா? அதைத்தான் எனக்குச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசி | 2024 செப்டெம்பர் 7

அண்ணை, என் பதில் ஆம். உணர்ச்சியை ஒரு பக்கம் வையுங்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. போன மாதம் அது ஒரு வீதத்துக்கும் கீழே. டொலர் 360 ரூபாயில் நின்றது, இன்று 300. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கை விரித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கிட்டத்தட்ட 300 கோடி டொலர் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது. இதெல்லாம் தன்பாட்டில் நடக்கவில்லை.

நான் வங்கியில் வேலை. 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைப்பவன் எல்லாம் வரி கட்டுகிறான், உச்ச வீதம் 36. என் சம்பளத்தில் வெட்டுகிறார்கள், எனக்கும் வலிக்கிறது. ஆனால் 2019 கடைசியில் வரியைக் குறைத்து வோட்டு வாங்கினவர்கள் எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று பார்த்தோமே. தேர்தல் வருகிறது என்று தெரிந்தும் வற் வரியை 18 ஆக்கிய ஒருவரை நான் இந்த நாட்டில் இதற்கு முதல் பார்க்கவில்லை. பாதி வழியில் சாரதியை மாற்றினால் என்ன நடக்கும் என்ற பயம் எனக்கு உண்மையிலேயே இருக்கிறது. வீட்டுக்கடன் எடுத்திருக்கிறேன், வட்டி திரும்ப ஏறினால் நான் முடிந்தேன்.

மலைப்பெடியன் | 2024 செப்டெம்பர் 8

வெள்ளவத்தை அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரி. அந்தக் கணக்கு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கிற லயத்துக்கு எப்போது வந்து சேரும் என்பதுதான் என் கேள்வி.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். இந்த மே தினத்தில் கொட்டகலைக் கூட்டத்தில் ஜனாதிபதியே வந்து நாள் சம்பளம் 1,700 ரூபாய், வர்த்தமானி போட்டாயிற்று என்றார். அன்று பின்னேரம் லயத்தில் வெடி கொளுத்தினார்கள். அம்மா கணக்குப் பார்த்தார், 25 நாளுக்கு 42,500. தங்கச்சிக்கு ஒரு சப்பாத்து, கூரைத் தகரம் இரண்டு என்று கொப்பியில் எழுதியும் வைத்தார். ஜூலையில் கம்பனிகள் போட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இப்போது 1,350 என்கிறார்கள், மிச்சம் 350 கூடுதல் கொழுந்துக்காம். அந்தக் கொப்பி இன்னும் அலுமாரி மேல் இருக்கிறது.

நாள் சம்பளம் எவ்வளவு என்பது ஒரு பாதிதான். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். மழைக்காலத்தில் மலையில் கொழுந்து இல்லாவிட்டால் அது அம்மாவின் குற்றமா? கூடையை இறக்கி, தராசில் முள் எங்கே நிற்கிறது என்று அம்மா எட்டிப் பார்க்கும்போது அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ரூபாய் மதிப்பு விழுந்தபோது முதலில் அடிபட்டது அந்த முகம்தான், கோதுமை மா விலையில். ரூபாய் எழும்பிய பிறகு அது கடைசியில்கூட எழும்பவில்லை.

எங்கள் பக்கத்துப் பெரிய தொழிற்சங்கம் ரணிலின் காஸ் சிலிண்டர் சின்னத்துக்குத்தான் வேலை செய்கிறது. அம்மா சங்கம் சொல்வதைக் கேட்பார். நான் இந்தக் கிழமை தபால் மூல வாக்கைப் போட்டுவிட்டேன், அது காஸ் சிலிண்டருக்கு இல்லை. ஜனவரியிலிருந்து அரச ஊழியருக்குச் சம்பளம் கூட்டுவதாக அவர் சொன்னது எனக்கும் லாபம்தான். அதை நினைத்துக்கொண்டேதான் மாற்றிப் போட்டேன்.

ஆரையம்பதி அக்கா | 2024 செப்டெம்பர் 8

தம்பி, நீங்கள் கடன் என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2023 ஜனவரியில் பிரதேச சபைக்கு வேட்புமனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கீடு இருப்பதால் கேட்டார்கள், முதலில் பயந்தேன், பிறகு சரி என்றேன். எங்கள் ஒழுங்கையில் மழை பெய்தால் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும், அந்த வாய்க்காலைக் கட்டுவேன் என்றுதான் வீடு வீடாகப் போனேன். கையில் இருந்த சின்னக் காப்பை அடகு வைத்து நோட்டீஸ் அடித்தோம். மார்ச் 9ஆம் திகதி தேர்தல் என்றார்கள். பிறகு காசு இல்லை என்றார்கள். இன்று வரை தேர்தல் இல்லை, சபையும் இல்லை, வாய்க்காலும் இல்லை. நோட்டீஸ் கட்டு கட்டாக அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

போன மாதம் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, தேர்தலை நடத்தாமல் விட்டதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று. நிதியமைச்சர் என்ற முறையில் ஜனாதிபதியின் பெயரும் அந்தத் தீர்ப்பில் வருகிறது.

அவர் 2022 ஜூலை 20ஆம் திகதி வந்தது பாராளுமன்றத்தில் 134 பேரின் வாக்கால். நாங்கள் யாரும் அவருக்குப் புள்ளடி போடவில்லை. வந்து இரண்டாம் நாள் விடிய முதல் காலிமுகத்திடலில் போராடிய பிள்ளைகளின் கூடாரங்களைப் பிரித்து அடித்து விரட்டினார்கள். முந்தின ஜனாதிபதி கோட்டாபய போன பிறகுதான் அவருக்கு அந்தக் கதிரை கிடைத்தது, கோட்டாபயவைப் போக வைத்ததில் அந்தப் பிள்ளைகளின் பங்கு பெரிசு. கியூ முடிந்ததற்கு நன்றி சொல்லலாம், நான் சொல்வேன். ஆனால் எங்களை ஒருமுறை வாக்குப் போட விடாதவர் இப்போது எங்கள் வாக்கைக் கேட்கிறார். எனக்கு அதுதான் தொண்டைக்குள் நிற்கிறது.

வெள்ளவத்தை வாசி | 2024 செப்டெம்பர் 8

அக்கா, உள்ளூராட்சித் தேர்தல் விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். அது பிழை. அந்த நேரம் மருந்துக்கே டொலர் இல்லை என்பது உண்மைதான், ஆனால் தேர்தலுக்கு வேண்டியது ரூபாய்.

கொக்குவில் ஓட்டோ | 2024 செப்டெம்பர் 9

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஹயர் முடிந்து வந்து இதையெல்லாம் வீட்டில் சத்தமாக வாசித்தேன். மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஆரையம்பதி அக்காவின் காப்புக் கதைக்கு அம்மா ஒன்றும் பேசவில்லை, எழும்பிப் போய் வெளிவாசலில் இருந்துவிட்டா.

எனக்கு இப்போது ஒன்று தெளிவாகிவிட்டது. கியூ குறைந்ததில் அவருக்குப் பங்கு இருக்கிறது, அதை நான் யாரிடமும் மறுக்க மாட்டேன். ஆனால் 2022இல் இந்தியா கிட்டத்தட்ட 400 கோடி டொலர் அளவுக்கு உதவி தந்தது, அதில்தான் எரிபொருள் கப்பலும் வந்தது. அதோடு, விலை ஏறினதால் நாங்கள் குறைத்து அடித்தோம், குறைத்துச் சாப்பிட்டோம். மீன்பிடிக்கிற மச்சான் ஒருவன் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ஆன அன்று போட்டைக் கரையில் கவிழ்த்து வைத்தான், ஐந்து மாதம் கடலுக்குப் போகவில்லை. கியூ முடிந்ததற்கு அவனும்தான் விலை கொடுத்தான். என்னைக் கடன்காரனாக நினைத்துக்கொண்டு நான் வோட்டுப் போட வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 75ஆவது சுதந்திர தினத்துக்கு முன்னம் தமிழர் பிரச்சினைக்குத் தீர்வு என்று அவர் சொன்னார். அந்த நாள் 2023 பெப்ரவரி 4. வந்தது, போனது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் இங்கே நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்குப் போடவில்லை, அவர் ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரத்தால் தோற்றார். அன்றைக்குப் போட விட்டிருந்தால் 2009 வேறு மாதிரி முடிந்திருக்குமோ என்று நான் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். அதனால்தான் இந்த மனுசன்மேல் எனக்கு முழுக் கோபம் வரவில்லை. முழு நம்பிக்கையும் வரவில்லை.

ஆகவே என் முதல் இலக்கம் சங்குச் சின்னத்துக்கு. அதில் நிற்கிற தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரன் வெல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நாங்கள் இங்கே இருக்கிறோம், இன்னும் கேட்கிறோம் என்று எண்ணிக்கையில் தெரியட்டும். பிறகு இரண்டாவது விருப்பு. ஒருவருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இரண்டு இடத்துக்கு வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போட்ட சீட்டுகளில் இரண்டாவது, மூன்றாவது இலக்கம் யாருக்கு என்று பார்ப்பார்கள். இதுவரை ஒரு ஜனாதிபதித் தேர்தலிலும் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை, இந்த முறை போகும் போலிருக்கிறது. பின்னால் ஏறுகிற சனத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நான் சொல்லிக்கொண்டு வருகிறேன்: ஒரு புள்ளடி போதும், அல்லது 1, 2, 3 என்று எழுதலாம், இரண்டையும் கலக்க வேண்டாம்.

மகள் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வாக்குச் சீட்டு மாதிரி ஒன்று கீறினாள், அம்மாவுக்குப் பழக்க. அம்மா வாழ்க்கை முழுக்கப் புள்ளடிதான் போட்டவ. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சங்குக்கு நேரே பெரிசாக ஒரு 1 எழுதினா. "மற்றதுக்கு?" என்று மகள் கேட்டாள். காஸ் சிலிண்டர் இருந்த கட்டத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு "அந்த போத்தல் பெற்றோல் நாள் எனக்கு ஞாபகம் இருக்கு, ஆனா அந்த வானமும் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை என் கையில் தந்துவிட்டா.

தாள் இப்போது ஓட்டோவில் என் சீட்டுக்குக் கீழே கிடக்கிறது. இரண்டாவது இலக்கத்தை நான் இன்னும் எழுதவில்லை. டெலிபோனுக்கு ஏன் எழுதலாம், ஏன் எழுதக் கூடாது என்று தெரிந்தவர்கள் 21ஆம் திகதிக்கு முதல் சொல்லுங்கள்.