மெஷின் முந்தியா, கப்பல் முந்தியா?

திசையன்விளைக்காரன்:
அண்ணாச்சிமாரே, நாங்க மலச்சிக்கல் மருந்துக்குப் போகுத நிலாவாரை (சென்னா) இலை வாங்கி, சலிச்சு, தூத்துக்குடி ஏஜெண்டுக்குப் போடுதோம். நேரடியா ஜெர்மனிக்கு அனுப்பணும்னு ஆசை. நிறம் பாத்து இலையைப் பிரிக்கித கலர் சார்ட்டர் மெஷின் இருந்தாத்தான் ஆர்டர் வரும்ங்கான் தம்பி. ஆர்டர் வந்தபெறவு மெஷினைப் பாக்கலாம்ங்காங்க அப்பா. வீட்டுல ரெண்டு நாளா இதே சண்டை. எது முதல்ல?

பழைய சல்லடை:
தம்பி, என்னை மெஷின் வாங்கவச்சது ஆர்டர் இல்ல, வேண்டாம்னு தள்ளுன சாம்பிள். ‘டின்னவெல்லி சென்னா’ன்னு நம்ம ஊர்ப் பேரைச் சொல்லித்தான் வெள்ளைக்காரன் மருந்து நூல்லயே எழுதியிருக்கான், அந்தத் தைரியத்துல 2 கிலோ அனுப்புனேன். அவன் விலையே கேக்கல. இலையில உள்ள மருந்துச் சத்து, அதான் சென்னோசைடு, எத்தனை சதவீதம், பூச்சிமருந்து எச்சம் எவ்வளவுன்னான். நானோ இலையைக் கசக்கி, பச்சையைப் பாத்து விலை சொல்லுத ஆளு. லேப்ல குடுத்தா மூட்டைக்கு மூட்டை ஒரு கணக்கு வருது. நிழல்ல காஞ்சது, வெயில்ல காஞ்சது, காம்பு, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிவச்சிருந்தோம்லா!

அதனால முதல்ல வாங்குனது 60 ரூவாய்க்கு ஒரு நோட்டு. எந்தக் காடு, என்னைக்குப் பறிச்சது, எங்க காஞ்சது. அடுத்து, காத்தடிச்சுக் காம்பு பிரிக்கித மெஷின். கலர் சார்ட்டர் மூணாவதுதான். அதை முதல்லயே எடுத்திருந்தா படுதா போட்டு மூடிவச்சிருப்பேன்.

பாளையங்கோட்டை வாத்தியார்:
எகிப்தில் ஃபுவா என்ற ஊரில் சின்னக் கம்பள நெசவாளர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2017ல் வந்தது. குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் ஏற்றுமதி ஆர்டர். பிறகு எல்லாருக்கும் ஒரே உள்ளூர்க் கம்பளத்தை நெய்யக் கொடுத்தார்கள். ஆர்டர் பார்த்தவர்களின் நெசவு மேலாக இருந்தது, நேரமும் கூடவில்லை. வாங்குபவன் சொன்ன குறைதான் அங்கே பாடம். ஆனால் ஏற்கெனவே கெட்டிக்காரர்களான முதலாளிகள்தான் முதலில் ஏற்றுமதிக்குப் போகிறார்கள் என்பதும் உண்மை. அதனால் மெஷின் முதலில் என்கிற உங்கள் தம்பியை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள்.

வள்ளியூர் ஆடிட்டர்:
இறக்குமதி மெஷினுக்கு வரியில்லைன்னு இ.பி.சி.ஜி.ங்கித ஏற்றுமதிக்காரங்களுக்கான அரசாங்கத் திட்டத்தைக் காட்டுவாங்க. மிச்சமான வரியைப்போல 6 மடங்குக்கு, 6 வருசத்துல ஏற்றுமதி பண்ணணும். தவறுனா அந்த வரியை வட்டியோட கட்டணும். கையில ஆர்டர் இல்லாம கையெழுத்துப் போட்டுராதீங்க.

திசையன்விளைக்காரன்:
அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டிட்டேன், ஒரே சிரிப்பு. அண்ணாச்சி, அந்த நோட்டுல ஒரு பக்கம் போட்டோ போடுங்களேன்.

பழைய சல்லடை:
ராத்திரி போடுதேன். சிவப்பு மையில ‘நனஞ்சது’ன்னு இருக்க மூட்டையெல்லாம் உள்ளூருக்குப் போனது. வெளிய சொல்லிராதவே.