தாத்தாவின் நாடக டைரிகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா, சிறுவர்களே நடித்த பாய்ஸ் நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டவர். குரல் உடைந்ததும் ஆர்மோனியத்துக்கு மாறினார். அவருடைய டைரிகளும், உடன் நடித்தவர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு நோட்டும் பரணில் கிடைத்திருக்கின்றன. எந்த ஊர்க் கொட்டகை, என்ன நாடகம், எவ்வளவு வசூல், யாருக்குத் தொண்டை கட்டியது, அறுப்பு முடிந்து கூட்டம் எப்படி ஏறியது என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிப் படிக்கப் புத்தகங்கள் இருக்கின்றன. பின்பாட்டுக்காரர், திரை இழுத்தவர் பெயரெல்லாம் இப்படிப்பட்ட நோட்டுகளில்தான் மிஞ்சும்.

பல பக்கங்கள் காப்பியிங் பென்சிலில் எழுதியவை. ஈரம் பட்டால் ஊதாவாகக் கரைகிறது. குண்டூசிகள் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டன, இழுத்தால் கிழிகிறது. லேமினேஷன் செய்யச் சொல்கிறார்கள். சூட்டில் ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது என்பதால் எனக்கு மனமில்லை. தஞ்சை, குடந்தைப் பக்கம் பழைய தாளைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீசுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே எதையாவது கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் நடைமுறையைச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் நோட்டீஸ், டிக்கெட், ஒப்பனைப் பெட்டி ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.