கியர் முரண்டும்போது என்ன சொல்வது? (கலைச்சொல் விவாதம்)

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பிக்கப் வண்டி ஒன்றின் ஓட்டுநர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். கையால் மாற்றும் கியர்ப்பெட்டி பற்றிய அத்தியாயத்தில் ‘ரஃப் ஷிஃப்டிங்’ என்ற தொடர் பதினொரு இடங்களில் வருகிறது. ‘கரடுமுரடான கியர் மாற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன். படித்தால் மலைப்பாதைதான் கண்முன் வருகிறது.

நானும் இதே வகை வண்டிதான் ஓட்டுகிறேன். காலையில் எடுத்தவுடன் முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு இழுத்தால், நெம்புகோல் பாதி வழியில் எதன்மீதோ முட்டி நிற்கும். உள்ளங்கையில் சிறிய உதைப்பு தெரியும். ஒரு நொடி அப்படியே அழுத்திப் பிடித்தால் ‘டக்’கென்று உள்ளே போகும். கால் மணி நேரம் ஓடிய பிறகு அந்தத் தடை இருக்காது. கை உணரும் இந்தத் தடைக்குச் சொல் வேண்டும். கூடவே ‘சின்க்ரோனைசர் ரிங்’ என்ற உறுப்புக்கும் ஒன்று தேவை. உதவுங்கள்.

இலக்கண ஆசிரியர், திங்கள் மதியம்

அம்மா, முதலில் ‘கியர்’ என்பதையே நீக்குங்கள். பல்லும் பல்லும் இணைவதால் ‘பல்லிணை’. செறிவான சொல். ‘ரஃப் ஷிஃப்டிங்’கைப் ‘பல்லிணை மாற்ற இடர்’ என்று சொல்லலாம்.

அடுத்தது வளையம். சின்க்ரோனைசர் என்பதில் இருப்பவை உடன், காலம் என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்கள். நம் இலக்கணத்தில் இதற்கு நேரான கருத்து இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருள் உண்டு அல்லவா? ‘தந்தையொடு மகன் வந்தான்’ என்றால் இருவர் வருகையும் ஒரே நேரத்தில் நிகழ்கிறது. எனவே ‘உடனிகழ்த்தி வளையம்’. வேற்றுமையியல் படித்த எவருக்கும் விளங்கும்.

பணிமனை நடத்துபவர், திங்கள் இரவு

ஐயா, வணக்கம். என்னிடம் வரும் ஓட்டுநர்கள் வேற்றுமையியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் வண்டியின் கோளாறைத் துல்லியமாகச் சொல்வார்கள். அவர்கள் வாயில் வரும் சொற்களை அப்படியே தருகிறேன்.

‘கியர் விழவில்லை’ என்றால் நெம்புகோல் இடத்துக்கே போகவில்லை. ‘கியர் கத்துகிறது’ என்றால் போகும்போது பல்லோடு பல் உரசும் ஓசை. ‘தடுக்குகிறது’ என்றால் ஓசை இல்லை, கையில் மட்டும் முட்டுகிறது. அம்மையார் சொன்னது இதுதான். ‘நழுவுகிறது’ என்றால் விழுந்த கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. நான்குக்கும் காரணம் வேறு. நான்கையும் ‘இடர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டினால், கையேட்டைப் படிக்கிறவர் எதைச் சரிபார்ப்பார்?

நான் முதலில் செய்வது இது. என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்ப்பேன். அப்போதும் தடுக்கினால் நெம்புகோலின் அடியில் உள்ள புஷ் என்னும் சிறு தாங்கு வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது கோளாறு பெட்டிக்குள் இருக்கலாம். அணைத்த நிலையில் வெண்ணெய்போல் விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டினால் என் கண் கிளட்ச் பக்கம் போகும். என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுதும் மிதித்து, சில நொடிகள் பொறுத்து, ரிவர்ஸ் போடுவேன். கத்தினால் கிளட்ச் என்ஜினை முழுமையாக விடவில்லை என்று அர்த்தம். கிளட்சைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், இல்லையென்றால் கீழே உள்ள சிலிண்டர் கசிந்திருக்கலாம். இதைப் பார்க்காமல் பெட்டியைக் கழற்றி, நல்ல வளையங்களை வீணாக மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொழிற்பயிற்சி ஆசிரியர், செவ்வாய் காலை

பணிமனை ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எனக்கும் இது வகுப்பறைச் சிக்கல். அடுத்த வாரம் இதே பாடம் எடுக்கிறேன்.

‘பல்லிணை மாற்றம்’ பற்றி ஒன்று. இன்றைய கியர்ப்பெட்டியில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே சுழல்கின்றன. நெம்புகோலை நகர்த்தும்போது எந்தப் பல்லிணையும் பிரிவதில்லை, சேர்வதும் இல்லை. அவற்றில் ஒன்றைத் தண்டோடு பூட்டுவதும் விடுவிப்பதும்தான் நடக்கிறது. பூட்டுவது ஸ்லீவ் என்னும் உருளை. அது சக்கரத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு பற்களைக் கவ்வும். ‘கத்துவது’ அந்தச் சிறு பற்கள். ஆகவே ‘பல்லிணை மாற்றம்’ என்று சொன்னால் மாணவன் மனதில் தவறான படம் விழும். ஏரில் மாடு பூட்டுவதுபோல் ‘கியர் பூட்டுதல்’ என்றால் நடப்பதை அப்படியே சொன்னதாகும்.

இப்போது வளையம். பூட்டும் முன் ஸ்லீவின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒன்றாக வேண்டும். முதல் கியரின் விகிதம் 4, இரண்டாவதன் விகிதம் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதாவது வெளியே செல்லும் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற, என்ஜின் பக்கமுள்ள உள்ளீட்டுத் தண்டு நான்கு அல்லது இரண்டு சுற்றுச் சுற்றும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் கியரை மாற்றினால், உள்ளீட்டுத் தண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் 1500-க்கு இறங்க வேண்டும். அதை இறக்குவது இந்தப் பித்தளை வளையம். உட்புறம் கூம்பு வடிவம், அதில் மயிரிழை போன்ற வரிகள். அந்த வரிகள் எண்ணெயை வழித்துவிட்டுச் சக்கரத்தின் கூம்பைப் பற்றுகின்றன. வரி தேய்ந்தால் பற்று போய்விடும். பெரும்பாலும் இரண்டாம் கியர் முதலில் முரண்டுவதற்குக் காரணம் அங்கே வேக வேறுபாடு பெரிது என்பதுதான்.

காடிலாக் 1928-இல் இந்த அமைப்பைக் கொண்டுவருவதற்கு முன்பு வேகத்தை ஓட்டுநரே ஒப்பாக்க வேண்டியிருந்தது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, விட்டு, மறுபடி மிதித்துப் போட வேண்டும். அந்த ஓட்டுநரின் கைத்திறனைத்தான் வளையம் வாங்கிக்கொண்டது. இதில் ‘காலம்’ எங்கே வருகிறது? இது வேகத்தை இணங்கச் செய்கிறது. என் பரிந்துரை ‘இணக்கு வளையம்’.

கணினித் தமிழ் ஆர்வலர், செவ்வாய் மாலை

சின்க்ரோனைசேஷனுக்குக் கணினியிலும் கைப்பேசியிலும் ‘ஒத்திசைவு’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. துறைக்கொரு சொல் என்று போனால் தமிழில் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ‘ஒத்திசைவு வளையம்’ என்றே வையுங்கள்.

இலக்கண ஆசிரியர், செவ்வாய் இரவு

ஒத்திசைவில் இருப்பது இசை. வளையம் பாடவில்லை. ஆனால் ‘இணக்கு’ என்னைக் கவர்ந்துவிட்டது. இணங்கு தன்வினை, இணக்கு பிறவினை. அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு போல. வளையம் தானும் இணங்கி மற்றதையும் இணக்குகிறது. ‘இணக்கு வளையம்’ வினைத்தொகையாக அழகாக நிற்கிறது. என் உடனிகழ்த்தியைத் திரும்பப் பெறுகிறேன்.

பணிமனை ஐயாவின் ‘கத்துகிறது’ பற்றி இன்று முழுதும் யோசித்தேன். பல்லோடு பல் உரசும் ஓசைக்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறதே! கோபத்தில் மனிதன் பல்லை எப்படிக் கடிக்கிறான்? நறநறவென்று. ‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது தொல்காப்பியம். பிரித்து ‘நற’ என்றால் தேன், மணம் என்று வேறெங்கோ போய்விடும். சேர்ந்து நின்றால்தான் பல். பரபரப்பு, விறுவிறுப்பு போல ‘நறநறப்பு’. கியர் நறநறக்கிறது. இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியிலும் அமையாது.

அந்தச் சிறு பற்களுக்கு ஆங்கிலத்தில் நாயின் பெயர் இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் ‘கோரைப்பல்’ என்றே சொல்லலாம்.

தொழிற்பயிற்சி ஆசிரியர், புதன் காலை

நறநறப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். கோரைப்பல் வேண்டாம். பொறியியலில் ‘டாக்’ என்னும் அந்த நாய்ப்பெயர், பற்றிப் பிடிக்கும் துண்டைக் குறிக்கிறது; வாயில் உள்ள பல்லை அன்று. ‘கவ்வுபல்’ போதும்.

மொழிபெயர்ப்பாளர், புதன் மதியம்

அனைவருக்கும் நன்றி. எண்ணெய்ப் பகுதிக்கு வந்திருக்கிறேன். ‘விஸ்காசிட்டி’க்குப் பாகுநிலையா, பிசுக்குமையா? குளிரில் எண்ணெய் கெட்டியாவதால்தான் என் வண்டி காலையில் தடுக்குகிறது என்று இப்போது புரிகிறது. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் எண்ணெயின் தரக் குறியீடுகள். ஜிஎல்-4 எண்ணெய் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள் என்றும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

பணிமனை நடத்துபவர், புதன் இரவு

அந்த எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள் அம்மா. சில ஜிஎல்-5 எண்ணெய்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கும். வழுவழுப்பும் கூடுதலாக இருந்தால் வளையம் கூம்பைப் பற்றாமல் வழுக்கும். ‘நல்ல எண்ணெய்தானே ஊற்றினேன்’ என்று வருத்தத்தோடு நிற்பவரிடம் வளையத்தைக் கழற்றிக் கையில் கொடுப்பேன். வரிகள் மழுங்கி, உட்புறம் கண்ணாடிபோல் பளபளக்கும். விரல் நகத்தை வைத்து இழுத்தால் எங்கும் தட்டாது. பிறகு புது வளையத்தைக் கொடுத்து, அதிலும் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். கரகரவென்று பிடிக்கும். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

சொல்லைப் பற்றி: கெட்டி, இளக்கம் என்றாலே எங்களுக்குப் புரியும்.

கணினித் தமிழ் ஆர்வலர், வியாழன் காலை

தமிழ்நாட்டுப் பாடநூலில் பாகுநிலை, இலங்கையில் பிசுக்குமை. அங்கே சக்கரமே சில்லுதான், ‘பற்சில்லு’ என்பார்கள். சக்கரம் வடசொல் என்று வருந்துகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இலக்கண ஆசிரியர், வியாழன் மதியம்

சில்லு அருமை. ஆழி, திகிரி, உருள் என்று சக்கரத்துக்கு நம்மிடம் சொற்கள் மண்டிக் கிடக்கின்றன. ‘உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்’ என்ற குறளில் தேர் முழுதும் சிறிய ஆணியை நம்பி ஓடுகிறது. பணிமனை ஐயாவின் பித்தளை வளையத்தைப் படித்தபோது அதுதான் நினைவில் நின்றது. உருள் என்பதிலிருந்தே உருளை, உருட்டு, உருண்டை எல்லாம் கிளைக்கின்றன. கியருக்குப் ‘பல்லுருள்’ என்று ஒரு சொல்லை...

தொழிற்பயிற்சி ஆசிரியர், வியாழன் மாலை

ஐயா, நாளை வெள்ளிக்கிழமை. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்பதும், அதாவது காலத்தோடு வந்து படிந்த சொல்லை விலக்க வேண்டாம் என்பதும், தொல்காப்பியம்தானே? கியர், கிளட்ச் இரண்டும் காலத்தால் படிந்துவிட்டன. நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திக் கையேட்டைப் புரட்டுகிறவர் அகராதியைத் தேட மாட்டார். அவருக்குத் தெரிந்த சொல்லில் தொடங்கி, தெரியாத உறுப்புக்கு மட்டும் புதுச்சொல் தருவோம்.

மொழிபெயர்ப்பாளர், வெள்ளி மதியம்

கடைசியில் எழுதியது இது: அத்தியாயத் தலைப்பு ‘கியர் முரண்டு’. உட்தலைப்புகள் ‘விழாமை’, ‘நறநறப்பு’, ‘தடுக்கல்’, ‘நழுவல்’. மூலத்தில் பொதுப்பட வந்த பதினொரு இடங்களையும் இந்த நான்கில் எது பொருந்துமோ அதற்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அதற்காக ஆங்கில வாக்கியங்களைப் பொறியாளரிடம் காட்டி, இரண்டு இடங்களில் மூலத்தையே திருத்த வைத்தேன். உறுப்பு ‘இணக்கு வளையம்’. சிறு பற்கள் ‘கவ்வுபல்’. கியர், கிளட்ச் அப்படியே. எண்ணெய்க்குப் ‘பாகுநிலை’, முதல் இடத்தில் ‘கெட்டித்தன்மை’ என்ற விளக்கத்தோடு. நான்கு பேர் ஒப்புதல் தந்தீர்கள். இன்று மாலை அனுப்பிவிடுகிறேன்.

இலக்கண ஆசிரியர், வெள்ளி இரவு

நறநறப்பு அச்சேறுவதில் பெருமகிழ்ச்சி. கியரை ஏற்றதில் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பு வரும்போது ‘பல்லுருள்’ பற்றி மீண்டும் எழுதுவேன்.

பணிமனை நடத்துபவர், வெள்ளி இரவு

இன்று வந்த ஓட்டுநரிடம் ‘நறநறக்கிறதா, தடுக்குகிறதா?’ என்று கேட்டுப் பார்த்தேன். சற்று யோசித்து, ‘காலையில் தடுக்கும், ரிவர்ஸில் நறநறக்கும்’ என்றார். கிளட்ச் குழாயில் காற்று இருந்தது. எடுத்துவிட்டேன்.